பூஜ்யம் வாங்கிய புல்வெளி

உமாபதி எழுதிய கடிதங்களை அவன் அண்ணன் சிதம்பரம் பிரிக்காமலே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். இரண்டரை வருஷத்தில் பதினேழு கடிதம். ஜெர்மனியில் நாங்கள் படித்த ஆஹெனிலிருந்து தஞ்சாவூர் போய், 'வாங்க மறுத்துவிட்டார்' என்று தபால்காரர் கையால் எழுதிய குறிப்போடு ஆஹெனுக்கே வந்து சேரும். எங்கள் மாணவர் விடுதியில் இருந்த இந்தியர்களில் நினைத்தபோது ஊருக்குப் போய்வர வசதி இருந்தது அந்தக் கடிதங்களுக்கு மட்டும்தான்.

காரணம் ஒன்றும் ரகசியமில்லை. எழுபதாம் வருஷம் அக்டோபரில், அப்பாவுக்கு முடியவில்லை, உடனே வா என்று தந்தி வந்தது. உமாபதிக்கு ஆறு நாளில் மின்காந்த அலைகள் பற்றி ஒரு தேர்வு. எழுதிவிட்டுக் கிளம்பலாம் என்று இருந்துவிட்டான். அப்பா நான்காம் நாள் போய்விட்டார். ஆறாம் நாள் தேர்வு எழுதினான். அதிலும் தேறவில்லை.

"பாஸாவது பண்ணியிருந்தா அண்ணன்கிட்ட சொல்றதுக்கு ஒண்ணு இருந்திருக்கும்" என்பான்.

அண்ணன் தம்பி இருவரும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள். அதாவது வீட்டு மாடியில் சொந்தமாக டிரான்ஸ்மிட்டர் கட்டி, புள்ளியும் கோடுமான மோர்ஸில் தட்டி, முன்பின் தெரியாத பின்லாந்துக்காரரிடம் "உங்கள் ஊரில் வெயில் எப்படி" என்று விசாரிக்கிறவர்கள். இதற்கு அரசாங்கம் பரீட்சை வைத்து லைசென்ஸும் ஆளுக்கொரு அழைப்புக் குறியும் தருகிறது. இவர்களுக்குள் ஒரு மரியாதை உண்டு. யாராவது உன் குறியைத் தட்டிக் கூப்பிட்டால், காதில் விழுந்த பிறகு பேசாமல் இருக்கக் கூடாது. பதில் சொல்லியே ஆகவேண்டும். சிதம்பரம் வானிலைத் துறையில் அதிகாரி. விதி, மரியாதை, நேரம் மூன்றையும் தானே கண்டுபிடித்தவர் போல நடந்துகொள்வார். ஞாயிறுதோறும் இரவு எட்டு மணிக்கு ரேடியோ முன்னால் உட்கார்ந்துவிடுவார். எங்களுக்கு அது பிற்பகல் மூன்றரை.

"கடிதாசைத் திருப்பி அனுப்பலாம். காத்துல வர்றதை எப்படித் திருப்பி அனுப்புவார்?" என்றான் உமாபதி.

இதை அவன் சொன்னது எழுபத்துமூன்று ஜனவரியில். அந்த வாரம்தான் தங்கை கிரிஜாவிடமிருந்து கடிதம் வந்திருந்தது. அண்ணனுக்கு ஜூன் முதல் தேதி வடகிழக்கு எல்லைப் பக்கம் மாற்றல், மூன்று வருஷம். அங்கே தனியார் யாரும் டிரான்ஸ்மிட்டர் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆக, மே மாதக் கடைசி ஞாயிறு வரைதான் கெடு.

உமாபதியிடம் ரிசீவர் இருந்தது, டிரான்ஸ்மிட்டரும் பாதி கட்டி இருந்தது. லைசென்ஸுக்கும் எழுதிப் போட்டிருந்தான். இல்லாதது இடம். விடுதி அறையில் ஹெட்போனை மாட்டினால் விடுதியின் மொத்த வாழ்க்கையும் கேட்கும். லிஃப்ட் ஏறினால் கர்ர். கீழே சலவை இயந்திரம் சுற்றினால் புர்ர். எதிர் மருந்துக்கடை நியான் விளக்கு மாலை ஆறு மணிக்கு எரியத் தொடங்கினால் வடை சுடுகிற சத்தம். அடுத்த அறை ஸ்பெயின்காரன் தலை காயவைக்கும்போது ஆசியா முழுவதும் மறைந்துபோகும். அவனுக்கு நிறைய தலைமுடி.

எனவே இடம் தேடும் படலம் தொடங்கியது. உமாபதி, நான், சேதுராமன், வைதேகி. வைதேகி ரசாயனத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். எங்களைவிட நாலு வயது மூத்தவர், பழைய ஃபோக்ஸ்வாகன் வைத்திருந்தார். அந்தக் காருக்காக அவரை நாங்கள் மதித்தோம் என்பது அவருக்குத் தெரியும்.

முறை எளியது. பாட்டரி டிரான்சிஸ்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவது. நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை வைத்து, இரைச்சலை மட்டும் கேட்டு, பூஜ்யத்திலிருந்து ஒன்பதுக்குள் மதிப்பெண் போடுவது. இரைச்சல் கூடினால் மதிப்பெண்ணும் கூடும். எங்கள் கல்வி வாழ்க்கையில் முதல்முறையாகப் பூஜ்யத்தைத் தேடி அலைந்தோம். சேதுராமன் கட்டம் போட்ட நோட்டில் தேதி, நேரம், இடம், மதிப்பெண், 'குறிப்புகள்' என்று பத்தி பிரித்துக்கொண்டான். அவன் எதையும் பத்தி பிரிக்காமல் சாப்பிடக்கூட மாட்டான்.

ரயில் பாதைப் பக்கம் எட்டு. டிராம் ஓடும் தெரு ஒன்பது. பெல்ஜியம் எல்லைக் காட்டில் மூன்று விழுந்தது, ஆனால் நாலு இந்தியர்கள் மரத்தடியில் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பதைச் சுங்கக்காரர்கள் இரண்டு பேர் பார்த்துவிட்டார்கள். "என்ன கேட்கிறீர்கள்?" என்றார்கள். "ஒன்றும் கேட்கவில்லை, அதைத்தான் கேட்கிறோம்" என்று சேதுராமன் உண்மையைச் சொன்னான். இரண்டு மணி நேரம் காவல் சாவடியில் இருந்தோம். ஒரு கல்லறைத் தோட்டம் இரண்டு வாங்கியது. அங்கே ஏரியல் கட்ட அனுமதி கேட்பதற்கு எங்களில் யாருடைய ஜெர்மனும் போதவில்லை.

பிப்ரவரி மூன்றாவது ஞாயிறு, ஆஹெனுக்குத் தெற்கே பதினாறு கிலோமீட்டரில் ஒரு சரிவில் அந்தப் புல்வெளி கிடைத்தது. பனி பாதி உருகியிருந்தது. உச்சியில் வைக்கோல் போட்டுவைக்கும் கல் கொட்டகை ஒன்று. கீழே ரோடு. மின்கம்பம் கண்ணுக்கு எட்டியவரை இல்லை. உமாபதி டிரான்சிஸ்டரைத் திருகினான். காதில் வைத்தான். சேதுராமனிடம் கொடுத்தான். சேதுராமன் அதைத் தட்டினான்.

"செத்துப்போச்சா?"

"இல்லடா. பூஜ்யம்."

சேதுராமன் நோட்டில் பூஜ்யம் போட்டுவிட்டு அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டான். இரண்டு பூஜ்யம் போலத் தெரிந்தது.

வைதேகி மட்டும் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். புல்வெளியைச் சுற்றிக் கட்டைக் கம்பங்கள், அவற்றில் ஒற்றைக் கம்பி.

"இது என்ன வேலி? ஒரே ஒரு கம்பி. மாடு தாண்டாதா?"

"ஜெர்மன் மாடுங்க. கோடு போட்டா தாண்டாது" என்றான் சேதுராமன்.

"மாடே காணோமே?"

"இந்தக் குளிர்ல எந்த மாடு வெளியே வரும்? பனிக்கு உள்ளே கட்டியிருப்பான்" என்று நானே பதில் சொன்னேன். அதைச் சொன்ன வாயாலேயே, வெயில் வந்தால் அவை வெளியே வரும் என்ற அடுத்த வாக்கியத்தையும் சொல்லியிருக்கலாம். எங்கள் ஊர்களில் மாடு என்பது வருஷம் முழுவதும் தெருவில் இருப்பது. அதற்கு சீசன் உண்டு என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நாலு பேரில் மூன்று பேர் எலெக்ட்ரிக்கல். ஒவ்வொரு கம்பத்திலும் கம்பிக்கும் கட்டைக்கும் நடுவே வெள்ளைப் பீங்கான் துண்டு ஒன்று இருந்தது. சேதுராமன் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்ததே பீங்கான் இன்சுலேட்டர்களைப் பற்றித்தான். அவனுடையவை மூன்றடி உயரம். இவை கட்டைவிரல் அளவு. அடையாளம் தெரியவில்லை.

விவசாயி பெயர் யான்சன். வாடகை எதுவும் வேண்டாம் என்றார். "மாட்டை மட்டும் மிரட்டாதீர்கள்." இல்லாத மாட்டை மிரட்டுவதில்லை என்று நாங்கள் மனமார உறுதி சொன்னோம்.

மார்ச்சில் ஏரியல் கட்டினோம். பாட்டரிக்கு வைதேகியின் கார். ஏப்ரல் முதல் ஞாயிறு மூன்றரைக்கு உமாபதி ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். மூன்று முப்பத்தொன்றுக்கு அவன் கை மேஜைமேல் அப்படியே நின்றுவிட்டது. ஹெட்போனில் ஒரு பக்கத்தைத் திருப்பி என் காதில் வைத்தான். மெல்லிய விசில் மாதிரி மோர்ஸ் ஓடிக்கொண்டிருந்தது, தண்ணீர்போலத் தெளிவாக.

"அண்ணன். கோட்டைக் கொஞ்சம் இழுப்பார். சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான்."

"கூப்பிடுடா!"

"லைசென்ஸ் வரலையே."

"இங்க யாருடா பாக்கறா?"

"அண்ணன் பாப்பார். லைசென்ஸ் இல்லாத ஆளுக்கு பதில் சொல்லக் கூடாது. அதுவும் விதி. அதைச் சாக்கா வெச்சுக்கிட்டாருன்னா?"

ஆகவே ஏப்ரல் முழுக்க, ஐந்து ஞாயிறும், உமாபதி அண்ணன் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அண்ணன் பின்லாந்தில் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியாரிடம் மூட்டுவலி விசாரித்தார். ஜப்பானில் ஒரு பல் டாக்டருக்கு ஏரியல் யோசனை சொன்னார். உலகத்தில் தம்பியைத் தவிர மற்ற எல்லாரிடமும் மிகவும் இனிமையாக இருந்தார். உமாபதி அதையெல்லாம் எழுத்து எழுத்தாகக் குறித்துவைத்தான். அனுப்ப வேண்டிய செய்தியையும் எழுதி, அடித்து, சுருக்கிக்கொண்டே வந்தான். நாலு பக்கமாக இருந்தது ஏப்ரல் கடைசியில் இரண்டு வரியானது.

லைசென்ஸ் மே பதினாறாம் தேதி வந்தது. மிச்சம் இரண்டு ஞாயிறு, இருபதும் இருபத்தேழும்.

இருபதாம் தேதி காரைவிட்டு இறங்கியபோதே புல்வெளி வேறு மாதிரி இருந்தது. முழங்கால் உயரப் புல், மஞ்சள் பூ, பதினோரு மாடு. கறுப்பும் வெள்ளையும், ஒவ்வொன்றும் வைதேகியின் காரைவிடக் கொஞ்சம் பெரியது. காதில் எண் எழுதிய பட்டை. சேதுராமன் எண்ணிக் குறித்துக்கொண்டான்.

உமாபதி ஹெட்போனை மாட்டினான். முகம் மாறியது.

டக். டக். டக். நொடிக்கு ஒன்று. ஹெட்போன் இல்லாமலே எங்களுக்குக் கேட்டது. ஒவ்வொரு டக்குக்கும் ரிசீவர் அரை வினாடி செவிடாகி, மீண்டு வருவதற்குள் அடுத்த டக். நடுவில் எங்கோ ஆழத்தில் அண்ணன் இருந்தார், கிணற்றில் விழுந்த மூக்குத்தி மாதிரி. உமாபதி கூப்பிட்டான். இருபது நிமிஷம் கூப்பிட்டான். அங்கே போயும் சேர்ந்திருக்கலாம். பதில் வந்தாலும் எங்களுக்குக் கேட்க வழியில்லை.

நானும் சேதுராமனும் காரணம் தேடிக் கொட்டகையைச் சுற்றினோம். சேதுராமன் வேலியில் சாய்ந்துகொண்டு யோசித்தான். அதிக நேரம் யோசிக்கவில்லை. அவன் போட்ட சத்தத்தில் பதினோரு மாடும் தலையை நிமிர்த்திப் பார்த்தன.

"கம்பில கரண்ட்டுடா!"

"எவ்வளவு வோல்ட் இருக்கும்?" என்று உள்ளேயிருந்து உமாபதி கேட்டான். கேலியில்லை, உண்மையாகவே கேட்டான்.

"நீயே வந்து தொட்டுப் பாரு!"

வைதேகி கம்பத்தருகே குனிந்து பார்த்தார். "இந்தப் பீங்கான் பிப்ரவரிலயும் இருந்துதே. நீங்க மூணு பேரும் என்ன படிக்கறதா சொன்னீங்க?"

சேதுராமன் கையை உதறிக்கொண்டே நோட்டில் மே இருபது என்று எழுதி, மதிப்பெண் பத்தியில் ஒன்பது போட்டான். பத்து போட அவன் பத்தியில் இடமில்லை.

யான்சன் விளக்கினார். குளிர்காலத்தில் மாடு தொழுவத்தில். மே பிறந்தால் மேய்ச்சல். மேய்ச்சல் என்றால் வேலியில் நொடிக்கொரு தடவை கரண்ட், அக்டோபர் வரை. புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் அங்கங்கே பொறி பறக்கும், அதுதான் அந்தச் சத்தம். இது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும் என்று அவர் சொல்லவில்லை. அவர் மனைவி சொன்னாள்.

ஒருநாள் நிறுத்த முடியுமா என்று வைதேகி கேட்டார். கீழே ரோடு இருக்கிறது, முடியாது என்றார் யான்சன். வைதேகி சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னார். தந்தி, தேர்வு, பதினேழு கடிதம். யான்சன் கேட்டுவிட்டு உமாபதியை ஒருமுறை பார்த்தார்.

"அடுத்த ஞாயிறு மூன்றரைக்கு நான் காபி குடிக்கப் போவேன். போகும்போது சுவிட்சை அணைப்பேன். காபிக்கும் கேக்குக்கும் இருபது நிமிஷம். மூன்று ஐம்பதுக்குப் போடுவேன். அதுவரை வேலி நீங்கள்தான்."

"மாட்டுக்குத் தெரிஞ்சுடுமா, கரண்ட் இல்லைன்னு?" என்று நான் கேட்டதை வைதேகி மொழிபெயர்த்தார்.

"ஒன்றுக்குத் தெரிந்தால் பதினொன்றுக்கும் தெரியும்."

இருபத்தேழாம் தேதி வெயில் நன்றாக அடித்தது. ரோட்டுப் பக்கம் சேதுராமன், ஓடைப் பக்கம் வைதேகி. கொட்டகைப் பக்கம் எனக்கு. அந்தப் பக்கம் மாடு அதிகம் வராது என்பதால் என் திறமைக்கு ஏற்ற இடம் என்றார்கள். நாலாவது பக்கம் யான்சனின் நாய். எங்கள் எல்லாரையும்விடத் தன் வேலையில் அதற்கு நம்பிக்கை இருந்தது.

மூன்று முப்பதுக்கு டக் நின்றது.

கொட்டகை வாசலில் நின்று பார்த்தேன். உமாபதி ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டான். முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை.

"என்னடா?"

"இன்னொண்ணு கேக்குது. தூரத்துல. அதுக்குப் பின்னால இன்னொண்ணு."

பள்ளத்தாக்கு முழுவதும் மேய்ச்சல் தொடங்கியிருந்தது. யான்சன் வேலி நின்ற பிறகுதான் மற்றவர்கள் வேலி கேட்டது. மிருதங்கம் நின்றதும் கடமும் கஞ்சிராவும் மோர்சிங்கும் ஆளுக்கொரு தாளத்தில் பிடித்துக்கொண்ட மாதிரி. ஆனால் இவை மெலிதாகத்தான் இருந்தன. இடையில் அண்ணன் இருந்தார். பொது அழைப்பு விடுத்துக்கொண்டிருந்தார். யார் வேண்டுமானாலும் பேசலாம் என்று பொருள்.

உமாபதி கூப்பிட்டான். அண்ணன் குறி, தன் குறி. புது ஜெர்மன் குறி. அதில் பெயர் இல்லை, ஊர் இல்லை. நிறுத்தினான்.

பதில் வந்தது.

நான் மோர்ஸ் அரைகுறை. உமாபதி பென்சிலால் எழுத எழுதத் தோளுக்கு மேலே எட்டிப் படித்தேன். அழைப்புக்கு நன்றி, உங்கள் சிக்னல் நன்றாக இருக்கிறது, என் ஊர் தஞ்சாவூர், என் பெயர் சிதம்பரம், உங்கள் பெயர் என்ன? எல்லாருக்கும் அனுப்புகிற வரிதான். உமாபதியின் பென்சில் முனை ஒடிந்தது. வேறு எடுத்தான்.

இதற்குள் கீழேயிருந்து சேதுராமனின் குரல். "ஹேய்! ஹை! போ... அந்தப் பக்கம் போ!"

"தமிழ்ல சொன்னா எப்படிப் புரியும்?" என்று ஓடைப் பக்கத்திலிருந்து வைதேகி கத்தினார்.

"பிட்டே!" என்றான் சேதுராமன் மாட்டிடம், மிகவும் மரியாதையாக. "பிட்டே, ஸுரூக்!" தயவுசெய்து பின்னால் போங்கள் என்று அர்த்தம்.

உமாபதிக்கு எதுவும் காதில் விழவில்லை. தட்டினான். தன் பெயர், ஊர் ஆஹென். பிறகு அந்த இரண்டு வரி. ஆங்கில எழுத்தில் தமிழ். 'அண்ணா, நான் வந்திருக்கணும். தேர்வு ஒரு காரணமே இல்லை, பயமா இருந்தது.' தேர்வு அல்ல, பயம் என்று எங்கள் யாரிடமும் அவன் சொன்னதில்லை. கடைசி எழுத்தைத் தட்டிவிட்டு, பேசுங்கள் என்ற குறியும் தட்டிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டான்.

ஒன்றும் வரவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு வினாடி. மோர்ஸில் ஏழு வினாடி என்பது ஒரு ஆள் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிற நேரம்.

பிறகு ஒரு கோடு வந்தது. நீளமாக, கொஞ்சம் இழுத்து. உடனே எட்டுப் புள்ளி. எட்டுப் புள்ளி என்றால் தவறு, அடித்துவிடு என்று அர்த்தம். அதன்பின் நிதானமாக, ஒரு பிசிறு இல்லாமல், முழுச் செய்தியும் வந்தது. உமாபதி எழுதினான். நான் படித்தேன்.

நன்றி. எல்லாம் சரியாகக் கிடைத்தது, டியர் ஓல்ட் மேன். இங்கே வெப்பம் முப்பத்தாறு டிகிரி, மழை இல்லை. உங்கள் சிக்னல் சுத்தமாக இருக்கிறது, குறுக்கீடு எதுவும் இல்லை. வாழ்த்துகள். வணக்கம்.

'டியர் ஓல்ட் மேன்' என்பது அமெச்சூர்கள் முன்பின் தெரியாத ஆண்களைக் கூப்பிடும் வார்த்தை. பதினாறு வயதுப் பையனும் ஓல்ட் மேன்தான். ஏப்ரலில் பல் டாக்டர் ஓல்ட் மேன், வாத்தியார் ஓல்ட் மேன்.

"திரும்பக் கூப்பிடு. இன்னும் பதினோரு நிமிஷம் இருக்குடா" என்றேன்.

"வணக்கம் சொல்லிட்டார். அதுக்கு மேல கூப்பிடறது மரியாதையில்லை."

அவனும் வணக்கம் தட்டினான். ஹெட்போனைக் கழற்றவில்லை. அண்ணன் மறுபடியும் பொது அழைப்பு விடுத்தார். யாரோ பதில் சொல்லியிருக்க வேண்டும். "பின்லாந்து" என்றான் உமாபதி. கொஞ்சநேரம் கழித்து, "மூட்டுவலி தேவலையாம்" என்றான்.

"அந்த முதல் கோடு என்னடா? அடிச்சாரே, அது?"

"'நன்றி'ங்கறதுக்கு முதல் எழுத்து வெறும் கோடுதான். அதைத் தப்பா இழுத்துட்டார், திருத்திக்கிட்டார். அவ்வளவுதான்." பென்சிலைக் காகிதத்தின்மேல் வைத்தான். "வேற ஏதாவது சொல்ல வந்திருந்தாலும் கோட்டுலதான் ஆரம்பம். நிறைய எழுத்துக்கு."

லாக் புத்தகத்தைத் திறந்தான். ஒவ்வொரு தொடர்பையும் எழுதிவைக்க வேண்டும், லைசென்ஸ் விதி. நேரம், அலைவரிசை, நிலையம், சிக்னல் தரம். எல்லாப் பத்தியையும் நிரப்பினான். குறுக்கீடு என்ற இடத்தில் இல்லை என்று எழுதினான்.

வைதேகி மூச்சிரைக்க ஏறி வந்தார். பாவாடையில் முழங்கால்வரை சேறு.

"கிடைச்சாரா?"

"கிடைச்சார்."

"பதில் சொன்னாரா?"

"சொன்னார்."

"என்ன சொன்னார்?"

"முப்பத்தாறு டிகிரியாம்" என்றான் உமாபதி. "மழை இல்லையாம்."

வைதேகி என்னைப் பார்த்தார். நான் காகிதத்தை அவரிடம் நீட்டினேன். அவர் படித்து முடிப்பதற்குள் சேதுராமன் கீழேயிருந்து, ஒரு மாடு ரோட்டுக்குப் போய்விட்டது, எண் நாற்பத்திரண்டு, யாராவது வாங்களேன் என்று கத்தினான். உமாபதி புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து, எங்களுக்கு முன்னால் சரிவில் இறங்கிப் போனான்.